பின்னல் யார் போட்டது

பக்கவாதம் என் வலது கையை மட்டும்தான் எடுத்துக்கொண்டது. மட்டும்தான் என்று சொன்னவர்கள் எல்லாம் இரண்டு கையும் உள்ளவர்கள். மலேசியாவில், பத்து பாகாட் என்ற ஊரில் சட்டை தைக்கும் ஃபேக்டரியில் இருபத்திரண்டு வருடம் காலர் தைத்தவள் நான். இவரால் இனி வேலை செய்ய முடியாது என்று எழுதிக்கொடுத்து ஃபேக்டரி என்னை வீட்டுக்கு அனுப்பியது. சம்பளத்தில் மாதாமாதம் சந்தா பிடித்தார்களே, அதற்கு அரசாங்கத்தில் உடல் இயலாதவர் பென்ஷன் உண்டு என்றார்கள். மனுப் போட்டேன். மருத்துவக் குழு கூப்பிட்டுப் பார்த்தது. பிறகு கடிதம் வந்தது: இவரால் வேலை செய்ய முடியும், மனு நிராகரிக்கப்படுகிறது.

இரண்டு கடிதமும் ஒரே பிளாஸ்டிக் ஃபைலில் கிடந்தன. ஒன்று முடியாது என்றது, இன்னொன்று முடியும் என்றது. நடுவில் நான் மாட்டிக்கொண்டு முழித்தேன். ஆனால் யாரைத் திட்டுவது? அந்தக் குழுவின் முன்னால் வாயால் கெடுத்துக்கொண்டு வந்தவளே நான்தான்.

அன்று அந்த டாக்டரம்மா மலாயில் மரியாதையாகத்தான் கேட்டார். வீட்டில் யார் சமைக்கிறார்கள்? பக்கத்தில் என் வீட்டுக்காரர் மீசையோடு உட்கார்ந்திருக்கிறார். புருஷன்தான் சமைக்கிறார், குளிக்க வைக்கிறார், தலை பின்னிவிடுகிறார் என்று மூன்று பேர் முன்னால் எப்படிச் சொல்வது? நான்தான் என்றேன். துணி துவைப்பது? நான்தான். தலை வாரிக்கொள்ள முடியுமா? "போலே, டாக்டர்" என்றேன், முடியும் என்று. போதாக்குறைக்கு அன்றைக்கென்று எடுப்பான பின்னல், இஸ்திரி போட்ட சுடிதார். கவர்மென்ட் ஆபீசுக்குக் கந்தலாகவா போவார்கள்? என் வீட்டுக்காரர் சுவரில் இருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. எனக்குக் கை போனதிலிருந்து அவர் லாரியை விட்டுவிட்டு ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். அதில் வருவது வாடகைக்கே இழுபறி. பென்ஷன் வந்தால் வேனோடு வீட்டில் இருப்பார். வராவிட்டால் மறுபடி லாரி, வாரத்தில் நாலு நாள் வெளியூர். அந்த நாலு நாளும் என் பாவாடை நாடாவை யார் கட்டுவது? இதெல்லாம் தெரிந்தும்தான் போலே, போலே என்று தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கிறேன். புத்தி கெட்டவள்.

ஒவ்வொரு நாள் காலையிலும் அவர் முன்கதவைச் சாத்துவார், திரையை இழுத்துவிடுவார், பிறகுதான் சீப்பை எடுப்பார். எதிர்வீட்டு அக்காவுக்குக்கூட இது தெரியாது. "தங்கச்சி வந்து பின்னிவிடுது" என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தேன்.

மேல்முறையீடு செய்தோம். ஜொகூர் பாருவுக்கு வரச் சொல்லி நாள் கொடுத்தார்கள். விஷயம் தெரிந்த ஒருவர் புத்தி சொன்னார்: "இந்தத் தடவ அழுக்குத் துணி போட்டு, தலையக் கலைச்சு விட்டுட்டுப் போங்கக்கா. பார்த்தவுடனே பாவமா இருக்கணும்." சரி என்றுதான் நினைத்தேன். அன்று காலை என் வீட்டுக்காரர் சீப்போடு வந்தார்.

"இன்னைக்கு வேணாங்க. இப்படியே போறேன்."

"அட அலமாக், என்ன பேச்சு இது? நான் உயிரோடதான இருக்கேன்? எழவு வீட்டுக்குப் போற மாதிரி தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு வருவியா? உட்காரு."

உட்கார்ந்தேன். அவர் வழக்கத்தைவிட இறுக்கமாகப் பின்னினார். போச்சு, இந்தத் தடவையும் போச்சு என்று வழி முழுக்க மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே போனேன்.

இந்தக் குழுவிலும் மூன்று பேர். நடுவில் இருந்த பெரிய டாக்டர் என் தலையைப் பார்த்தார். அழகாக இருக்கிறதே, பின்னல் யார் போட்டது என்றார். தங்கச்சி என்று சொல்ல வாய் தானாகத் திறந்துவிட்டது.

"நான்தான், டாக்டர்" என்றார் என் வீட்டுக்காரர், அவருக்குத் தெரிந்த மலாயில்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். டாக்டர் நம்பவில்லை என்று இவர் நினைத்துவிட்டார் போல. எழுந்து என் பின்னால் வந்து, ரப்பர் பேண்டைக் கழற்றி, பின்னலை அவிழ்த்தார். யாரும் கேட்கவே இல்லை. சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்தார். லாரி ஓட்டிக் காய்த்துப்போன அந்தக் கை மூன்றாக வகிர்ந்து பின்ன ஆரம்பித்தது. எனக்கு வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது. குனிந்து அழுதேன். போதும், உட்காருங்கள் என்றார் டாக்டர்.

"பாதியில விட்டா அவிழ்ந்துரும், டாக்டர்" என்று சொல்லிவிட்டு, முடிக்கும்வரை அவர் நிறுத்தவில்லை.

அது நடந்து இரண்டு மாதம் ஆகிறது. பதில் வரவில்லை. நேற்று லாரி முதலாளி தவுக்கே போன் செய்தார். மாதக் கடைசிக்குள் சொல்லணுமாம், இல்லாவிட்டால் வேறு டிரைவரை வைத்துக்கொள்வாராம். பார்க்கிறேன் என்று மட்டும் இவர் சொன்னார்.

இன்று காலை ஸ்டூலை வாசல் பக்கம் இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்தார். எதிரில் அக்கா பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"கதவு தொறந்து கெடக்குங்க. அக்கா பார்க்குறாங்க."

"இருக்கட்டும் லா. சாத்தினா தபால்காரன் வர்றது தெரியாது" என்று சொல்லிவிட்டு என் தலையில் எண்ணெய் வைத்தார்.