வீட்டோடு சேர்த்து வாங்கிய சங்கம்

தபால் பெட்டியில் வந்திருந்த உறைக்குள் என் வீட்டின் புகைப்படம் இருந்தது. நான் எடுத்ததல்ல. யாரோ தெருவில் வண்டியை நிறுத்தி, என் முன்முற்றத்தில் இடுப்பளவு வளர்ந்து நின்ற, எங்கள் ஊரில் மரச்சீனி என்று சொல்லும் மரவள்ளிச் செடிகளைப் படம் பிடித்து, அவற்றைச் சுற்றிச் சிவப்பு வட்டமும் போட்டிருந்தார்கள். கூடவே ஒரு கடிதம். ‘அன்புள்ள அயலவருக்கு’ என்று தொடங்கி, பதினான்கு நாளில் செடிகளைப் பிடுங்கிவிட வேண்டும் என்று முடிந்தது. நடுவில், தெருவின் அழகைப் பேணுவதற்கு எனக்கு நன்றியும் சொல்லியிருந்தார்கள். அனுப்பியது வீட்டு உரிமையாளர் சங்கம். ஹூஸ்டனுக்கு வெளியே இந்த வீட்டை வாங்கி ஆறு மாதம் ஆகியிருந்தது. சங்கத்துக்கு மாதாமாதம் கட்டும் சந்தா குப்பை அள்ளவும் நீச்சல்குளத்துக்கும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். நன்றி சொல்லிக்கொண்டே அதட்டும் கடிதத்தை எந்தக் குரலில் வாசிப்பது என்று தெரியாமல் வாசலிலேயே நின்று மூன்று முறை வாசித்தேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். எட்டாம் வகுப்பிலிருந்தே வீட்டுக்கு வரும் காகிதமெல்லாம் என் கைக்குத்தான் வரும். ரேஷன் கார்டு, அம்மா முந்திரி உடைக்கப் போன அண்டியாபீசின் பி.எஃப். தாள், எல்லாம். சித்தப்பா தக்கலைப் பக்கம் மூன்று சென்ட் வாங்கியபோது பத்திரத்தின் வடக்கு எல்லையில் பிழை கண்டுபிடித்தவளும் நான்தான். பத்திரம் எழுதியவர் கண்ணாடியைக் கழற்றி என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பெருமை இன்னும் என்னிடம் இருக்கிறது. அதனால் இங்கேயும் ஊரில் பார்ப்பதை எல்லாம் பார்த்தேன். மூலப்பத்திரம், வில்லங்கம், வழிப்பாதை, மழைத்தண்ணீர் வடியும் பக்கம். நான்கு எல்லையையும் நடந்து பார்க்க வேண்டும் என்றேன். வீட்டு முகவர் குதிகால் உயர்ந்த செருப்போடு புல்லில் தடுமாறி வந்து, “பக்கத்து வீட்டாரை நினைத்துப் பயப்படுகிறீர்களா?” என்று கேட்டார். இல்லை, எல்லைக்கல் பார்க்கிறேன் என்றேன். கல்லுக்குப் பதில் எல்லை அடையாளமாக மண்ணுக்குள் புதைந்திருந்த இரும்புக் கம்பியைக் காட்டிய பிறகுதான் நிம்மதி. கையெழுத்துப் போட்ட அன்று மேசையில் ஒரு தடித்த கட்டும் இருந்தது. சங்க விதிகள் என்றார்கள். நான் கண்டது மீனவர் சங்கமும் ஆட்டோ சங்கமும். விருப்பமிருந்தால் சேரலாம், சண்டை வந்தால் விலகலாம். மண்ணோடு ஒட்டிக்கொண்டு வரும் சங்கம் ஒன்று இருக்கும் என்று தோன்றவேயில்லை. வாசிக்காமல் நான் போட்ட முதல் கையெழுத்து அது.

வீடு வாங்கிய வாரம் அப்பா எத்தனை அறை என்று கேட்கவில்லை. “மண்ணு எப்பிடி இருக்கு மக்ளே?” என்றுதான் கேட்டார். ஆயுள் முழுக்கப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்த விளையில் மரச்சீனி போட்டவர் அவர். ஒரு வருடம் நிலக்காரர் விளையை விற்க முடிவு செய்து, வாங்க வருகிறவர் பார்க்கும்போது நிலம் வெறுமையாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். கிழங்கு முற்ற இன்னும் நான்கு மாதம் இருந்தது. அப்பா எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டார். நான் பள்ளிச் சீருடையோடு கம்புகளைக் கட்டுகளாகக் கட்டினேன். ஆகவே, மருத்துவமனையில் என்னோடு நர்சாக இருக்கும் நைஜீரியத் தோழி நடுவதற்குப் பத்து மரச்சீனிக் கம்பு கொடுத்தபோது அவற்றைப் பின்புறம் ஒளித்து நட எனக்கு மனம் வரவில்லை. தெரு பார்க்க முன்னால் நட்டேன். மண்ணை எவ்வளவு கூட்ட வேண்டும் என்று அப்பா வீடியோவில் சொல்லிக்கொடுத்தார்.

இலை விரிந்த நாட்களில் பக்கத்து வீட்டு லிண்டா வேலியருகே வந்து, “உனக்கு ஏதாவது வலி இருக்கிறதா?” என்று தாழ்ந்த குரலில் விசாரித்தார். “இல்லையே. நாங்கள் குடும்பமே இதில்தான் வளர்ந்தோம். காலையிலேயே அம்மா கொடுப்பார். அப்பா சந்தையில் விற்பார்” என்றேன். லிண்டா செடிகளை இன்னொரு முறை பார்த்தார். பிறகு, “உன் நேர்மையைப் பாராட்டுகிறேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். மரச்சீனி இலையும் கஞ்சா இலையும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், வலிக்கு இங்கே சிலர் கஞ்சா எடுப்பார்கள் என்று பிறகு தோழி சொல்லித்தான் தெரிந்தது. புகார் செய்தது லிண்டாவா, வண்டியில் வந்தவர் தாமாகவே படம் எடுத்தாரா என்பது இன்றுவரை தெரியாது.

அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னேன்.

“பத்திரம் ஒம்பேருலதானே கெடக்கு?”

“ஆமாப்பா.”

“பின்ன இவனுவ ஆரு?”

அம்மா பின்னாலிருந்து குரல் கொடுத்தாள். “ஏட்டி, வாசிக்காமலா கையெழுத்துப் போட்ட? ஊருக்கெல்லாம் வாசிச்சுச் சொன்னவல்லா நீ?”

“நீ சும்மா கெட. பிள்ளைக்கு என்ன அவசரமோ.” அம்மாவை அடக்கிவிட்டு அப்பா என்னிடம் சொன்னார். “எனக்கொண்ணும் மனசிலாவல மக்ளே. சொந்த மண்ணுலயும் பிடுங்கச் சொல்லுவானுவன்னா பாட்டத்துக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?”

வாசிக்காமல் விட்ட அந்தச் சங்க விதிக் கட்டை எடுத்து இரண்டு நாள் வாசித்தேன். கதவின் நிறம், வேலியின் உயரம், குப்பைத் தொட்டியை வெளியே வைக்கக்கூடிய நேரம் எல்லாம் அதில் இருந்தன. முன்முற்றத்துச் செடிகளுக்குத் தனிப் பட்டியலே இருந்தது. இங்கே வீடு வாங்க நினைக்கும் நம் ஊர்க்காரர்கள் எல்லைக்கல்லைப் பார்க்கும் முன் இதைக் கேட்டு வாங்கி வாசியுங்கள். சங்கத்தின் பழைய கூட்டக் குறிப்புகளையும் கேளுங்கள். எதற்குச் சண்டை போடுகிறார்கள், பொதுக் கட்டடத்தின் கூரை ஒழுகினால் கையிருப்பு உண்டா, உங்களிடம் கூடுதலாக வசூலிப்பார்களா என்பது அதில் தெரியும். எதையும் செய்யும் முன் எழுதி அனுமதி வாங்குங்கள். கடிதம் வந்தால் பேசாமல் இருந்துவிடாதீர்கள், நேரில் விளக்கம் சொல்ல வாய்ப்புக் கேட்கலாம் என்பதும் அந்த விதிகளிலேயே இருக்கிறது. நான் கேட்டேன்.

சங்கக் கூட்டத்துக்கு ஓர் அதிகாரியை எதிர்பார்த்துப் போனேன். ஐந்து அயலவர்கள் சம்பளமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் ஒரு தட்டு பிஸ்கட். தலைவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. “இந்த நிலத்துக்கு உண்மையில் யார் சொந்தக்காரர்?” என்று கேட்டேன். “நீதான்” என்றார். “அப்படியானால் பிடுங்கச் சொல்வது யார்?” “அதுவும் நீதான். நாம் எல்லோரும்” என்றார், அன்பாகவே. அறுவடை வரை நான்கு மாதம் கேட்டேன். வாக்கெடுத்தார்கள். மூன்றுக்கு இரண்டு, என் பக்கம் இரண்டு. மறுநாள் நானே பிடுங்கி, கம்புகளை வெட்டிப் பின்புற வேலிக்குள் நட்டேன். இடம் மாற்றியிருக்கிறேன் என்று மட்டும் அப்பாவிடம் சொன்னேன். “ஆரு சொல்லி?” என்று கேட்டார். பேச்சை மாற்றினேன்.

அடுத்த தேர்தலில் சங்கத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. வேறு யாரும் நிற்கவில்லை, நான் நின்றேன். விதியை மாற்றுவதற்கா, அந்த மேசையில் எனக்கும் ஒரு நாற்காலி வேண்டும் என்பதற்கா, இப்போது யோசித்தாலும் பிடிபடவில்லை. முதல் மாதம் எனக்குக் கொடுத்த வேலை, பட்டியலோடு தெருக்களில் நடந்து விதிமீறல்களைக் குறித்து வருவது. மூன்றாவது தெருவில் ஒரு வீட்டின் முன்னால் கயிறு கட்டி நீளநீளமான பூப்போட்ட துணிகளைக் காயப்போட்டிருந்தார்கள். எந்த நாட்டு உடை என்று தெரியவில்லை. முன்முற்றத்தில் துணி காயப்போடக் கூடாது என்பதும் என் பட்டியலில் இருந்தது. வெளியே வந்த பெண் என் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். “சங்கத்திலிருந்தா?” என்றாள். என் வாய் ஆமாம் என்றது, தலை இல்லை என்று ஆடியது. அவள் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கூடையில் போடத் தொடங்கினாள். கயிற்றின் மறுமுனை உயரமாக இருந்தது, அவளுக்கு எட்டவில்லை. பட்டியலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அந்தப் பக்கத்துத் துணிகளை நான் எடுத்துக் கொடுத்தேன். அவை இன்னும் ஈரமாகவே இருந்தன.