அழித்த பதிவு இருந்த இடம்

என் மேசை இழுப்பறையில் ஒரு ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. அதன் கறுப்பு உறையின் மூலையில் காய்ந்த சந்தனம், அதன் நடுவில் மங்கிய குங்குமம். ஓர் ஆயுத பூஜையன்று மேடம் வைத்தது. கணினி, பிரிண்டர், மின்விசிறி சுவிட்சு எல்லாவற்றுக்கும் வைத்து முடித்த பிறகு, "இதுக்குத்தான் முதல்ல வச்சிருக்கணும். எத்தனை பேர் பேச்சு உள்ள இருக்கு!" என்றார். ஒயர் சொருகும் துளைக்குள் சந்தனம் இறங்கிவிடுமே என்று நான் பதறினேன். "துளை அந்தப் பக்கம்" என்று திருப்பிக் காட்டினார்.

நாளிதழ் ஒன்றில் உதவி ஆசிரியராக இருந்துவிட்டு, தஞ்சாவூரில் அவருடைய ஆய்வுத் திட்டத்தில் சேர்ந்திருந்தேன். மேடம் சமூகவியல் பேராசிரியர். டெல்டா விவசாயிகள் ஃபேஸ்புக் குழு ஒன்றில் தண்ணீரைப் பற்றி எழுதுவதைச் சேகரித்து, பின்னால் வரும் ஆய்வாளர்களுக்காகப் பாதுகாப்பதுதான் வேலை. மேட்டூர் திறப்பு, முறைப்பாசனம், புகையான் தாக்கிய வயலின் படம், இடையிடையே காலை வணக்கம் சொல்லும் ரோஜாப் பூக்கள். பூக்களைக் கழித்துவிடலாம் என்றேன். "தண்ணி வந்த வாரத்துல ரோஜா கூடுது, கவனிச்சீங்களா?" என்றார் மேடம். சிரித்துவிட்டுப் பார்த்தேன். உண்மைதான்.

எழுதியவர்களின் பெயர், தொலைபேசி எண், ஊர் மூன்றையும் எடுத்துவிட்டுக் குறியெண் போடுவோம். ஒரு நகல் அலுவலகத்தில் இருக்கும். தஞ்சாவூரில் ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று இன்னொன்றை மேடம் பேராவூரணியில் தன் தம்பி வீட்டு பீரோவில் வைத்திருந்தார்.

சேகரித்ததை எழுதியவர்களுக்கே காட்ட வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். கடைமடை ஊர் ஒன்றின் சமுதாயக் கூடத்தில் திரை கட்டினோம். அங்கே காட்டியவற்றில் ஒன்று: "சுத்தி எல்லாரும் நடவு, நடுவுல நான் மட்டும் விதைத் தெளிப்பு. வாய்க்காலும் காயுது, பயிரும் காயுது. பெரியவங்க போர்வெல் தண்ணி அவங்க தென்னந்தோப்புக்குத்தான் போவுது. குத்தகை நெல்லு மட்டும் குறையாம கேப்பாங்க."

கூடம் சிரித்தது. "அக்கா, உன் வயல்தானே அது? அந்த வருஷம் நீ ஒருத்திதான தெளிச்ச!" என்றது பின்வரிசைக் குரல் ஒன்று. "வாய மூடுடா" என்றார் ஓர் அம்மாள். பெயரை மறைத்திருந்தோம், வயலை மறைக்கவில்லை. நிலத்துக்காரர் நாங்கள் போட்ட சால்வையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவரும் சிரித்தார். "யாரு, நம்ம குத்தகைக்காரியா?" என்று திரும்பிப் பார்த்தார். அந்த அம்மாள் எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காலை அவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"கோவத்துல போட்டேன் மேடம். பொழுது சாயறதுக்குள்ள அழிச்சும்புட்டேன். அழிச்சது எப்படிங்க உங்ககிட்ட இருக்கும்?"

எங்கள் நிரல் தினமும் நண்பகலில் குழுவில் இருப்பதை வாரிக்கொள்ளும். பிறகு எது அழிந்தது என்று அது திரும்பிப் பார்ப்பதில்லை. மேடம் இதை விளக்கினார். அம்மாள் கேட்டுக்கொண்டார். "நிலத்த வேற ஆளுக்கு விட்டுட்டா நான் எங்கங்க போவேன்?" என்றார்.

மேடத்தைத் தனியே அழைத்தேன். நம்மிடம் இருப்பதிலேயே நேரடியான பதிவு இது, பூட்டி வைக்கலாம், அழிக்க வேண்டாம் என்றேன். அச்சானது அச்சானதுதான் என்பது நான் வந்த இடத்தின் பாடம்.

"பேப்பருக்குப் பேட்டி கொடுக்கறவங்க தெரிஞ்சு கொடுக்கறாங்க. இவங்க மனசு மாறி எடுத்துட்டாங்க. நாமதான் எடுக்க விடல" என்றார்.

அம்மாளின் கண்முன்னே அழித்தோம். திரையில் அந்த வரிகள் போனதும் அவர் கொஞ்ச நேரம் அந்த இடத்தையே பார்த்தார். "அந்த வருஷம் தண்ணி வரலங்கறது மட்டும் இருக்கட்டும் மேடம். அதையும் சேத்து அழிச்சிடாதீங்க."

அவரைச் சாப்பிடவைத்து ஊருக்கு பஸ் ஏற்றிவிட்டு, நாங்கள் பேராவூரணி பஸ்ஸில் ஏறினோம். தம்பி வீட்டு பீரோவைத் திறந்து அந்த நகலிலும் அழித்தோம். திரும்பும் வழியில் மேடத்தின் கைபேசி அடித்தது. நிலத்துக்காரர். பக்கத்து இருக்கையில் இருந்த எனக்கே கேட்கும் குரல்.

"அந்தப் பதிவைக் கொஞ்சம் அனுப்பிவிடுங்கம்மா. சும்மா, பாக்கலாம்னுதான்."

"அது எங்ககிட்ட இல்லைங்களே."

"நேத்து காட்டினீங்களே?"

"நேத்து இருந்துச்சுங்க."

அவர் வைத்துவிட்டார். மேடம் கைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த சம்பாவிலும் அந்த அம்மாள்தான் அதே வயலில் பயிர் வைத்தார். எங்களால்தான் என்று நான் மகிழ்ந்தபோது மேடம் ஒப்புக்கொள்ளவில்லை. "கடைமடை நிலத்துக்கு அவருக்கு வேற ஆள் கிடைச்சிருக்காது." ஆனால் அதன்பின் சேகரிப்பு முழுவதையும் குழுவோடு ஒப்பிட்டு, எழுதியவர்களே அழித்திருந்த பதிவுகளையெல்லாம் எடுக்கவைத்தார். சேகரிப்பு மெலிந்தது. அறிக்கையில் அதை மறைக்கவும் இல்லை.

மேடம் ஓய்வுபெற்று மகள் வீட்டோடு வெளியூரில் இருக்கிறார். அந்த ஃபேஸ்புக் குழுவையே மூடிவிட்டார்கள். அதில் எழுதியவர்களே தேடினாலும் இனி ஒன்றும் கிடைக்காது. பேராவூரணி நகல் பத்திரமாக இருப்பதாக மேடத்தின் தம்பி சொல்கிறார். அலுவலகத்தில் இருந்த நகல் என்னிடம். பழுதாகவில்லையே என்று அவ்வப்போது கணினியில் பொருத்திப் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் அந்த இடத்துக்குப் போய்விடுகிறேன். மேடம் தட்டெழுதிய இரண்டு வாக்கியங்கள் அங்கே இருக்கின்றன: "எழுதியவர் கேட்டுக்கொண்டபடி நீக்கப்பட்டது. அந்த ஆண்டு கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை."

கழற்றி, உறையைத் துணியால் துடைத்து இழுப்பறையில் வைக்கிறேன். சந்தனம் இருக்கும் மூலையில் மட்டும் துணி படுவதில்லை.