பேர்ணடெற்றின் மடிக் கிட்டார்

பேர்ணடெற்றின் அறுபதாவது பிறந்தநாளை விட்பி நகரில், மகன் றொய்சன் வீட்டு பேஸ்மென்ரில் கொண்டாடினார்கள். கேக் வெட்டி முடிய, போர்வையால் மூடியிருந்த ஒன்றின் முன்னால் றொய்சன் தாயைக் கொண்டுபோய் நிறுத்தினான்.

“கண்ணை மூடுங்கோ அம்மா.”

கண்ணைத் திறந்தபோது நாலு கால் வைத்த மேசை மாதிரி ஒன்று நின்றது. மேலே பத்துக் கம்பி. கீழே கார்ப் பிரேக் போல மூன்று மிதிகள். பலகைக்கு அடியில், முழங்கால் முட்டும் இடத்தில், ஐந்து இரும்புத் தண்டுகள் தொங்கின.

“பெடல் ஸ்ரீல். இனிச் சேர்ச்சில நீங்கள்தான் ஸ்டார்.”

எல்லாரும் கைதட்டினார்கள். பேர்ணடெற்றும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, “என்ர கிட்டாரைத் திருத்தியாச்சோ?” என்று கேட்டாள்.

ஸ்பீக்கரில் கொழுவினால் அது இரையத் தொடங்கியிருந்தது. திருத்தித் தாறன் என்று றொய்சன் கொண்டுபோய் இரண்டு கிழமை.

“அதைக் கடையிலயே குடுத்திட்டன் அம்மா. இதை எடுக்கேக்க மாத்தா எடுத்தவங்கள். ரெண்டும் ஸ்ரீல் கிட்டார்தானே. இது பெரிசு.”

“ஆரைக் கேட்டுக் குடுத்தனி?”

“சர்ப்ரைஸ் எண்டா எப்பிடியம்மா கேக்கிறது?”

சனம் நின்றதால் அதோடு விட்டுவிட்டு, கேக் துண்டுகளைத் தட்டுகளில் வைக்கத் தொடங்கினாள்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன் மல்வேர்னில், வீட்டுப் பழஞ்சாமான் விற்கிற ஒரு கராஜ் சேலில் அவள் கண்டெடுத்த கிட்டார் அது. அப்போது கார் சீற் தைக்கிற ஃபக்டரியில் பின்னேர ஷிஃப்ட். வேலைக்குப் போகுமுன் தினமும் ஒரு மணித்தியாலம், லைப்ரரியில் எடுத்த சீடிகளைக் கேட்டுக் கேட்டுத் தானாகவே பழகினாள். ஆறு கம்பி. மடியில் படுக்க வைத்து, இடது கையில் ஒரு இரும்புக் கட்டையைப் பிடித்துக் கம்பிகளின் மேல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். வலது கை மீட்டும்போதே சின்ன விரல் சத்தக் குமிழை மெல்லத் திருப்பும். அப்போது சுரம் எங்கே தொடங்கியது என்று தெரியாமல் எழும்பி வரும். சேர்ச்சில் காணிக்கைப் பாட்டுக்கு அவள் அப்படி எழுப்பினால் முன்வரிசையில் கதைக்கிற பிள்ளைகளும் பேசாமல் இருப்பார்கள்.

பெடல் ஸ்ரீலை வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு கிழமை மல்லுக்கட்டினாள். இடது கால் மிதிகளில். வலது கால் சத்தத்துக்கு. முழங்கால்கள் இரண்டும் அந்தத் தண்டுகளை அங்கும் இங்கும் தள்ள வேண்டும். தள்ளத் தள்ள ஒவ்வொரு கம்பியின் சுருதி ஏறும், இறங்கும். கம்பிகளின் சுருதி வரிசையும் வேறு. ஃபக்டரியில் நின்று தேய்ந்த வலது முழங்காலை டொக்டர்மார் மாற்றி இரண்டு வருடம்தான். நாலாம் நாள் அது வீங்கிவிட்டது.

றொய்சனுக்கு ஃபோன் எடுத்தாள். “நான் பாட்டு வாசிக்கிறனோ, பஸ் ஓடுறனோடா?”

“யூரியூப்பில பாருங்கோ அம்மா. ரெண்டு மாசத்தில பிடிச்சிடுவியள்.”

“உயிர்த்த ஞாயிறுக்கு மூண்டு கிழமைதான் கிடக்கு.”

“பழசில வாசிச்ச மாதிரி வாசியுங்கோவன். எல்லாம் ஒண்டுதானே.”

அவள் ஃபோனைக் கட்டிலில் எறிந்தாள்.

திங்கட்கிழமை இரண்டு பஸ் மாறி, கடைக்குத் தனியே போனாள். தாடி நரைத்த வெள்ளைக்காரர் ஒருவர் நின்றார். அவள் சொன்னதை முழுதாகக் கேட்டார். பிறகு தலையைச் சொறிந்தார். அவளுடைய கிட்டார் வந்த நாலாம் நாளே விற்றுப்போயிருந்தது. வாங்கினவருக்கு அவள் முன்னாலேயே ஃபோன் அடித்துக் கேட்டார். அந்த ஆள் திருப்பித் தர மாட்டாராம்.

“இதைப் பாருங்கள், இதுவும் மடியில்தான்,” என்று ஒரு ரெசனேற்றரை எடுத்துக் கொடுத்தார். மரக் கிட்டார், வயிற்றுக்குள் மெல்லிய அலுமினியக் கிண்ணம். கரண்ட் இல்லாமலே ஊருக்குக் கேட்கும். பேர்ணடெற் ஒரு சுரம் மீட்டினாள். பளீரென்று வந்தது, உடனே செத்தது. சின்ன விரல் குமிழைத் தேடிப் போனது. அங்கே குமிழ் இல்லை. பாடுகிற முப்பது பேருக்கு அடியில் சுரத்தை நீட்டிப் பிடிக்க இது உதவாது என்று அவளுக்கு விளங்கியது. அவருக்கும் விளங்கியது.

“உங்களுக்கு மடி ஸ்ரீல்தான் வேண்டும்,” என்றார். மூன்று கிழமையில் அவளுக்கு விளங்குகிற மாதிரிக் கதைத்த ஒரே ஆள் அவர்தான்.

அடுத்த நாள் பெடல் ஸ்ரீலை டாக்சியில் ஏற்றிக்கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்து, புதிதாக ஒரு மடி ஸ்ரீல் எடுத்தாள். ஆறு கம்பி, குமிழ், எல்லாம் சரி. ஆனால் பழசைவிடக் கழுத்து ஒன்றரை இஞ்சி நீளம். பாட்டுக்காரரைப் பார்த்துக்கொண்டு, கம்பியைப் பார்க்காமல் வாசித்தே பழகின கை. அது பழைய இடத்துக்குத்தான் போய் நிற்கும். சுருதி கொஞ்சம் கீழே விழும்.

உயிர்த்த ஞாயிறு பூசையில் காணிக்கைப் பாட்டின் உச்சிச் சுரம் அப்படித்தான் விழுந்தது. ஒருக்கால் இல்லை, மூன்று தரம். பூசை முடிய, பாடகர் குழுவை நடத்துகிற நிரோஷினி வந்து கையைப் பிடித்தாள்.

“அன்ரி, வழமை மாதிரி நல்ல வடிவா இருந்திச்சு.”

“வழமை மாதிரியோ?”

“ஓம் அன்ரி. ஏன்?”

பேர்ணடெற் கிட்டாரைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். மூன்று சுரம் பிழைத்ததைவிட இதுதான் அவளை அரித்தது. இருபத்திரண்டு வருடமாக இவர்கள் எதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்?

பின்னேரம் றொய்சன் வந்தான். அவனைக் கதிரையில் இருத்தி, பழைய இடத்தில் கட்டையை வைத்து மீட்டினாள். “இது என்ர கை போற இடம்.” கொஞ்சம் மேலே வழுக்கி மீட்டினாள். “இதுதான் சரியான இடம். கேக்குதோ?”

அவன் கண்ணை மூடிக் கேட்டான். உண்மையாகவே முயன்றான்.

“எனக்கு வித்தியாசம் தெரியேல்லை அம்மா. சொறி.”

ஏசுவதற்கென்று காலையிலிருந்து அடுக்கி வைத்திருந்ததெல்லாம் அவன் முகத்தைப் பார்த்ததும் பாதியாகிவிட்டது. மிச்சப் பாதியை ஏசினாள். பிறகு சோறு போட்டாள்.

ஆடி மாதத் திருவிழாவுக்குள் கை பெரும்பாலும் புது நீளத்துக்குப் பழகிவிட்டது. வேகமாக ஏறுகிற ஒரு இடம் மட்டும் இன்னும் படியவில்லை. அதை விட்டுவிட்டு வாசிக்கிறாள். றொய்சன் இப்போது எதை வாங்கினாலும் கடைக்குள் நின்றே ஃபோன் எடுக்கிறான். போன கிழமை ஒரு கெற்றிலுக்கு மூன்று தரம் எடுத்தான்.