பல் டாக்டர் தேடிய ஹோஸ்

பல் டாக்டர் உதிரிபாகக் கடைக்குள் நுழைந்ததும் மேசைமேல் கைக்குட்டையை விரிப்பார். அதன்மேல் தன் பழைய காரின் பவர் ஸ்டீயரிங்குக்கு எண்ணெய் கொண்டுபோகிற ரப்பர் ஹோஸை, பிடுங்கிய பல்லை வைப்பதுபோல் பதமாக வைப்பார். வெடித்த இடத்தைச் சுண்டுவிரலால் தொட்டுக் காட்டுவார். வலிக்கிற இடத்தை அவருடைய நோயாளிகள் அப்படித்தான் காட்டுவார்கள்.

"வண்டி எந்த வருஷம்னு கேளுங்க," என்பார். கடைக்காரர் கேட்கமாட்டார். அது அவருக்கு மனப்பாடம்.

"அதே வருஷத்து ஹோஸ்தான் டாக்டர் போன தடவையும் குடுத்தேன். திருகு மரை சேரலைன்னு நீங்கதான் திருப்பிக் கொண்டாந்தீங்க."

"அப்ப நீங்க குடுத்தது டூப்ளிகேட்."

ஊரில் எந்த ஹோஸும் டாக்டரின் காருக்குச் சேராது. சேராத ஹோஸ் எல்லாம் டூப்ளிகேட், ஏனென்றால் கார் அக்மார்க் ஒரிஜினல். முந்தைய சொந்தக்காரர் சத்தியம் பண்ணிக் கொடுத்தது. பழைய கார்க்காரர்கள் சங்கத்தில் யார் வண்டியிலாவது புதிதாக ஒரு ரேடியேட்டர் மூடியைப் பார்த்துவிட்டால் போதும், "பொய்ப்பல்!" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லி, அந்த மனிதர் முகம் சுண்டிப்போவதை ரசிப்பார். ஆயுசு முழுக்கப் பொய்ப்பல் கட்டித்தான் இந்தக் காரையே வாங்கினார் என்பது அந்த நேரத்தில் மறந்துபோகும். பானெட்டைத் திறக்கும்போதும் "ஆ காட்டு" என்றுதான் சொல்வார்.

ஹோஸ் போனதிலிருந்து ஸ்டீயரிங்கைத் திருப்ப இரண்டு ஆள் வேண்டும். இரண்டாவது ஆள் டாக்டரம்மா. திருப்பம் வந்ததும் டாக்டர் "இழும்மா!" என்று கத்துவார். அம்மா பக்கத்து இருக்கையிலிருந்து எட்டி, இரண்டு கையாலும் பிடித்து இழுப்பார். பார்க்கிறவர்களுக்கு, புருஷனும் பெண்டாட்டியும் யார் ஓட்டுவது என்று மல்லுக்கட்டுவதாகத் தோன்றும். பக்கத்துத் தெருக் காய்கறிக் கடைக்குக்கூட, வளைவு குறைந்த சாலையாகப் பார்த்து, பாதி ஊரைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள்.

"ஞாயித்துக்கிழமை சங்கத்து ஊர்வலத்துல நம்ம வண்டிதான் முதல்ல போகுது. அங்கயும் நான் தொங்கிட்டு வரணுமா? என் தோள்பட்டை கழண்டே போச்சு. ஒண்ணு ஹோஸ் வரணும், இல்ல நான் வரமாட்டேன்," என்று அம்மா கறாராகச் சொல்லிவிட்டார்.

டாக்டர் பானெட்டைத் திறந்தார். அம்மா டார்ச் பிடித்தார். ஹோஸ் போய்ச் சேருகிற பம்பின் பின்பக்கம் கண்ணுக்கு எட்டவில்லை. டாக்டர் சட்டைப்பையிலிருந்து வாய்க்குள் விட்டுப் பார்க்கிற குச்சிக் கண்ணாடியை எடுத்து, கடைவாயைத் துழாவுகிற பழக்கத்தில் உள்ளே நுழைத்துத் திருப்பினார். கண்ணாடியில் ஒரு மீன் தெரிந்தது.

பம்பின் இரும்பிலேயே பதித்த மீன். தினமும் அவர் தெருவுக்கு வருகிற ரொட்டி வேனின் முகப்பில் இருக்கிற அதே மீன். அந்த வேனைச் செய்கிற கம்பெனியின் முத்திரை. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். மீன் அங்கேயேதான் இருந்தது. என்றைக்கோ பம்ப் பழுதாகி, முந்தைய சொந்தக்காரர் ரொட்டி வேனுடையதை மாட்டிவிட்டிருக்கிறார். பாவம், திருப்பிக் கொடுத்த ஹோஸ்களில் ஒன்றுகூட டூப்ளிகேட் இல்லை.

"என்னங்க தெரியுது?"

"ஒண்ணுமில்ல. அழுக்கு."

"நகருங்க, நான் பாக்கறேன்." அம்மா கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். சிரிப்பை அடக்க அடக்க, டார்ச் வெளிச்சம் குலுங்கியது. "அழுக்குக்கு வாலெல்லாம் இருக்கே!"

டாக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. "எத்தனை பேரைப் பொய்ப்பல்னு கேலி பண்ணியிருக்கேன். தெரிஞ்சா மானமே போயிடும்மா. நாம ஊர்வலத்துக்கே போக வேணாம்."

"எனக்கு முன்பல் ரெண்டு கட்டிவிட்டீங்களே, அன்னிக்கு என்ன சொன்னீங்க?"

டாக்டர் பானெட்டைச் சாத்தப் போனார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யாருக்கும் தெரியாது, தைரியமா சிரின்னீங்க. இன்னிக்கு வரைக்கும் யாருக்காவது தெரிஞ்சுதா?"

அன்று கடையில் டாக்டர் கைக்குட்டை விரிக்கவில்லை. ஓரமாக நின்று, "ஒரு நண்பருக்கு வேணும், ரொட்டி வேன் ஹோஸ் இருக்கா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். "மரை சேரலைன்னா அந்த நண்பரையே வரச் சொல்லுங்க டாக்டர்," என்றார், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

மரை வெண்ணெயாக ஏறியது. ஹோஸின்மேல் வெள்ளையில் அச்சடித்திருந்த மீனை மட்டும் டாக்டர் உள்பக்கம் பார்க்கத் திருப்பி முடுக்கினார். ஸ்டீயரிங் இப்போது ஒற்றை விரலுக்குச் சுற்றியது. நம்பிக்கை வராமல் அம்மாவும் ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை, ஊர்வலம் கிளம்புமுன் சங்கத்துக்காரர்கள் காரைச் சூழ்ந்துகொண்டார்கள். போன வருஷம் புது மூடிக்காக டாக்டரிடம் கேலி வாங்கியவர்தான் முதலில் பானெட்டுக்குள் தலையை விட்டார். "எல்லாம் ஒரிஜினல்தானே டாக்டர்?"

டாக்டர் மனைவியைப் பார்த்தார்.

அம்மா கூட்டத்தைப் பார்த்து, முன்பல் இரண்டும் பளிச்சென்று தெரிய, தைரியமாகச் சிரித்தார்.