சேவியர் அண்ணன் கொல்லாத மீன்கள்

எங்கள் பாச்சலூர்ப் பக்கம் பஸ் கண்டக்டர் சொல்லும் சாவுச் செய்தியை யாரும் உடனே நம்புவதில்லை. செத்துவிட்டதாகப் போன வருடம் அவர் சொன்ன ஆள், அதே பஸ்ஸின் அடுத்த நடையில் வெற்றிலை மென்றுகொண்டு வந்து இறங்கினார். அதனால், கொடைக்கானல் சேவியர் அண்ணன் போய்விட்டார் என்று அவர் படியில் நின்று சொன்னபோது நான் பீன்ஸ் பறிப்பதை நிறுத்தவில்லை. பிறகு அவர் வேலை பார்த்த லாட்ஜிலிருந்தே போன் வந்தது. கூடையைப் போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

அண்ணனும் நானும் அந்த லாட்ஜில் பல வருடம் ஒன்றாக வேலை பார்த்தோம். அவருக்குக் குழாய், கரண்ட் வேலை. எனக்கு அறைகளைக் கூட்டித் துடைக்கும் வேலை. வரவேற்பறையில் இருந்த மீன்தொட்டியை அவராகவேதான் பார்த்துக்கொண்டார். ஒன்பது ஏஞ்சல் மீன்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் வாழ்கிற சாதி. நம் ஊர்க் குளிர் ஆகாது. ஒருமுறை மரம் சாய்ந்து இரண்டு நாள் கரண்ட் இல்லை. அண்ணன் விறகடுப்பில் தண்ணீர் காய்ச்சி, பாட்டில்களில் அடைத்துத் தொட்டிக்குள் மிதக்கவிட்டார். மீனுக்கு வெந்நீர் உண்டு, எனக்கு இல்லையா என்று மதுரைக்காரர் ஒருவர் சண்டைக்கு வந்தார். "நீங்க ஸ்வெட்டர் போட்டிருக்கீங்க சார். அதுக அம்மணமால்ல கெடக்கு" என்றார் அண்ணன். வந்தவர் சிரித்துவிட்டு, தன் கம்பளியைக் கொடுத்துத் தொட்டியைச் சுற்றச் சொன்னார்.

சீசனுக்கு முன்னால் முதலாளி நாலடி நீளத்தில் புதுத் தொட்டி வாங்கினார். புதுத் தண்ணீர் பழக ஒரு மாதம் வேண்டும் என்று அண்ணன் கேட்டார். முதலாளி ஒரு வாரம்தான் கொடுத்தார். அப்படியானால் பழைய தொட்டியின் பில்டரில் இருக்கும் பஞ்சை அப்படியே புதுசில் வைத்தால் மீன் பிழைத்துக்கொள்ளும் என்று அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்தார். அந்தப் பஞ்சைப் பழைய தண்ணீரோடு ஒரு வாளியில் போட்டுவிட்டு, இன்னொரு ஹீட்டர் வாங்க வத்தலக்குண்டுக்கு இறங்கினார். போகும்போது என்னிடம், "இது அழுக்கில்ல தங்கச்சி. தண்ணியச் சுத்தம் பண்ற உசுரு இதுலதான் இருக்கு. தொட்டுறாத" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

நான் விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். வாளி நாறியது. முதலாளி வருகிற நேரம். நாறுகிற எதையும் கழுவாமல் விட்டுப் பழக்கமில்லாத கை இது. ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் கசக்கி, வாசம் போக அலசி, நல்ல தண்ணீரில் போட்டு வைத்தேன். அண்ணன் இருட்டுகிற நேரத்துக்கு வந்தவர், அவசரத்தில் பஞ்சை எடுத்து வைத்துவிட்டார். மறுநாள் மீன்களைப் பையில் கட்டிப் புதுத் தொட்டியில் மிதக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கலந்து, பிள்ளையை இறக்கிவிடுவதுபோல விட்டார்.

மூன்றாம் நாள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அண்ணன் பாதித் தண்ணீரை மாற்றிப் பார்த்தார். நாலைந்து நாளில் ஒன்பதும் மிதந்துவிட்டன.

முதலாளி எல்லார் முன்னாலும் வைதார். அண்ணன் பஞ்சை எடுத்துப் பார்த்தார். முகர்ந்தார். என்னை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் முதலாளி பக்கம் திரும்பி, "நான்தான் அவசரப்பட்டுட்டேங்க" என்றார். நான் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த மாதம் லாட்ஜில் ஆள் குறைப்பு. என் வாய் திறக்கவில்லை.

கொடைக்கானல்காரர்களே, டீக்கடையில் நீங்கள் அவரை மீன்கொல்லி என்று கூப்பிட்டீர்கள். அவரும் சிரித்துக்கொண்டே டீ குடித்தார். அதற்குப் பிறகு அவர் ஒரு மீன்கூட வளர்க்கவில்லை. சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ நாள் அவர் பக்கத்தில் போய் நின்றிருக்கிறேன். என்னைக் கண்டதும் அவர் என் மகள் படிப்பைப் பற்றிக் கேட்பார். பேச்சு அப்படியே போய்விடும்.

அடக்கத்தன்று அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். வீட்டிலாவது ஒரு தொட்டி வைக்கலாமே என்று அண்ணனிடம் அவர் பலமுறை கேட்டிருக்கிறார். "எனக்கு அவசரப் புத்தி, அதுக உசுரு நம்மகிட்ட வேணாம்னு சொல்லிருவாரு" என்றார் அண்ணி. கட்டின மனைவியிடம்கூட என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அப்போதும் நான் சொல்லவில்லை.

கொடைக்கானலில் அவரை அறிந்த உங்கள் எல்லாருக்கும் இப்போது சொல்கிறேன். பஞ்சைக் கழுவியது நான். சேவியர் அண்ணனிடமிருந்து என்னிடம் இருப்பது, அவர் எனக்காகச் சுமந்த இந்தப் பழி. இனி அது என் பெயரிலேயே இருக்கட்டும்.