வெள்ளை வளைவு தெரிகிற மாடி

மலைச் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் நாலு பேர் கூடினால் ஒரு கேள்வி கட்டாயம் வரும். இதற்கென்றே குடிபோவதாக இருந்தால் எந்த ஊர் நல்ல ஊர்? ஆளுக்கொரு கணக்கு வைத்திருப்பார்கள். மண் பாதை எப்படி, மழை எத்தனை மாதம், செயின் அறுந்தால் பார்த்துக் கொடுக்க ஆள் உண்டா. நானும் அந்தக் கணக்கோடு அலைந்தவள்தான். கடைசியில் நாங்கள் கம்பத்தில் வீடு பிடித்ததற்கு அது எதுவுமே காரணம் இல்லை. என் வீட்டுக்காரர் போட்ட ஒரே ஒரு நிபந்தனைதான் காரணம்.

நிபந்தனை வந்த கதை இது. மதுரையில் இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வெளியே ஒரு பாறைச் சரிவில் விழுந்தேன். தோள்பட்டைக் காறை எலும்பு முறிந்தது. போன் எங்கேயோ தெறித்துவிட்டது. வெயில் தாங்காமல் ஒரு புதர் நிழலுக்கு நகர்ந்து போய்ப் படுத்துக்கொண்டேன். மதியமாகியும் ஆளைக் காணோமே என்று தேடி வந்த என் வீட்டுக்காரர் முதலில் பார்த்தது சைக்கிளைத்தான். முன்சக்கரம் நெளிந்து பள்ளத்தில் கிடந்திருக்கிறது. பக்கத்தில் நான் இல்லை. நான் குரல் கொடுத்து, அது அவர் காதில் விழக் கொஞ்ச நேரம் ஆனது. அந்தக் கொஞ்ச நேரத்தைப் பற்றி அவர் இன்றுவரை என்னிடம் பேசியதில்லை.

எலும்பு கூடியதும் மறுபடி சைக்கிளை எடுத்தேன். போகாதே என்று சொல்கிற ஆளில்லை அவர். சொல்லியிருந்தால் ஒரு சண்டையைப் போட்டுவிட்டுப் போயிருப்பேன். நம்ம வாய் அப்படி. அவரோ நான் கிளம்பியதிலிருந்து திரும்பும் வரை வாசலிலேயே நிற்பார். காபி குடிக்க மாட்டார், பேப்பர் பார்க்க மாட்டார். அப்படி நிற்கிற மனுசனை எதைச் சொல்லித் திட்டுவது?

எங்கள் இருவருக்கும் கம்ப்யூட்டரில்தான் பிழைப்பு. நெட் வந்தால் எந்த ஊரிலும் ஓடும். மலையடிவாரத்துக்குப் போய்விடலாம் என்று நான் பிடிவாதம் பிடித்தபோது அவர் யோசித்துத்தான் சொன்னார்.

“நீ மலைய விட்டு எறங்கி வர்றது வீட்டுல இருந்தே எனக்குத் தெரியணும். அப்படி வீடு கெடச்சா வர்றேன். ஒரு வருசம் பாப்போம். எனக்குத் தாங்கலைன்னா மதுரைக்கே வந்துருவோம், சைக்கிளை யாருக்காச்சும் குடுத்துருவோம். சரியா?”

“அதான் போன்ல நான் எங்கன இருக்கேன்னு தெரியுதுல்ல?”

“அதுல ஒரு புள்ளி தெரியுது. புள்ளிய வச்சு நான் என்ன பண்ண?”

நான் சரி என்றேன். ஒரு வருடத்தில் இவரை மாற்றிவிடலாம் என்கிற திமிர்தான், வேறென்ன.

முதலில் தேனியைப் பார்த்தோம். அவருக்குப் பிடித்திருந்தது. ரயில் இருக்கிறது, ஆஸ்பத்திரி பக்கம். ஆனால் அங்கிருந்து மலைப் பாதையைத் தொடுவதற்குள் காய்கறி லாரிகளுக்கு நடுவே பாதி உயிர் போய்விடும். பிறகு கடமலைக்குண்டு. அடடா, எனக்கென்றே செய்துவைத்த ஊர்! ஓடைப் பக்கமெல்லாம் மணல் பாதை, இலவ மரத் தோப்புகளுக்குள் செம்மண் தடம், போகப் போகத் தீராத மேடு பள்ளம். “ஒரு சுத்து போயிட்டு வா, நான் இங்கன நிக்கிறேன்” என்று பார்க்க வந்த வீட்டு மாடியில் அவர் நின்றார். முதல் கரட்டுக் குன்றைச் சுற்றியதுமே அவர் கண்ணுக்கு நான் மறைந்துவிட்டேன். ஆசையில் கொஞ்சம் தூரம் கூடுதலாகவே போய்விட்டுத் திரும்பி வந்தால், மனுசன் முகத்தில் ரத்தமே இல்லை. வீட்டைக் காட்ட வந்தவரிடம், தண்ணி வசதி போதாது என்று ஏதோ சாக்குச் சொல்லிவிட்டு நானே கிளப்பிக் கூட்டி வந்தேன்.

லோயர் கேம்பில் இன்னொரு சிக்கல். கால்வாய்த் தண்ணீர் இரைந்துகொண்டு ஓட, ஊரே குளுகுளுவென்று இருந்தது. ஆனால் மலை தலைக்கு நேர் மேலே நின்றது. ரோடு மரங்களுக்குள் ஒளிந்துகொண்டது. அவர் கழுத்தை வளைத்து வளைத்துப் பார்த்துவிட்டு, “மலை மூஞ்சியில வந்து இடிக்குதும்மா, ஒண்ணும் தெரியலை” என்றார்.

வீட்டுத் தரகருக்கு எங்களைப் பார்த்தாலே சிரிப்பு. “எல்லாரும் தண்ணி வருமா, கரண்டு நிக்குமான்னு கேப்பாக. நீங்க மலை தெரியுமான்னு கேக்குறீக. இருங்க, கம்பத்துல ஒண்ணு கெடக்கு. தெக்கு பாத்த வாசல். அதான் ரொம்ப நாளா ஆளு வரலை.”

கம்பத்துக்கு மேற்கே, திராட்சைத் தோட்டங்கள் தொடங்குகிற இடத்தில் இருந்தது அந்த மாடி வீடு. சொந்தக்காரர் ஏலக்காய் வியாபாரம் செய்கிற ஒரு பாய். “எங்களுக்கு வாசல் எங்கிட்டுப் பாத்தாலும் ஒண்ணுதான். வர்றவுகதான் யோசிக்கிறாக” என்று சாவியைக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் அறையை, அடுப்படியை எதையும் பார்க்கவில்லை. நேராக மொட்டை மாடிக்கு ஏறினார். எதிரே மேற்கு மலை, அதில் கம்பம்மெட்டு ரோடு. கேரளாவுக்குப் போகிற அந்த ரோடு மடங்கி மடங்கி ஏறுவது மாடியிலிருந்து அப்படியே தெரிந்தது. பார்ப்பதற்குத் தோதாக மலை கொஞ்சம் தள்ளி நின்றது. கைப்பிடிச் சுவரில் கையை ஊன்றி வெகுநேரம் பார்த்துவிட்டு, “இது போதும்” என்றார்.

குடிவந்த பிறகுதான் ஒன்று தெரிந்தது. அந்த ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஆள் அந்தத் தெருவில் இவர் மட்டும் இல்லை. மேலே ஏலத் தோட்டங்களில் வேலை செய்கிற பெண்கள் விடியும் முன்னே ஜீப்பில் ஏறிப் போவார்கள், பொழுது சாயும்போது இறங்குவார்கள். மலையின் நடுவே ஒரு கொண்டை ஊசி வளைவில் தடுப்புச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருக்கும். வெள்ளை வளைவு என்பார்கள். ஜீப் அங்கே வந்ததும் ஊருக்கு நேரே திரும்பும். டிரைவர் விளக்கை ஒருதரம் அணைத்துப் போடுவார். எல்லாரும் நல்லபடியாக வருகிறோம் என்று அதற்குப் பொருள். கீழே மாடிகளில் நிற்கிறவர்கள் அதைப் பார்த்துத்தான் உலை வைப்பார்கள். அரிசி வெந்து வடிக்கவும் ஆள் வாசலில் வந்து நிற்கவும் சரியாக இருக்கும்.

எங்களுக்குக் கீழே குடியிருந்த கீழ்வீட்டுக்காரர் திராட்சைப் பந்தல் வேலைக்குப் போகிறவர். மதியமே வேலை முடிந்துவிடும். அவர் மனைவிதான் மலைக்குப் போகிறவர். சாயங்காலமானால் என் வீட்டுக்காரரும் அவரும் மாடிச் சுவரில் சாய்ந்துகொண்டு மலையைப் பார்ப்பார்கள். வளைவில் விளக்கு அணைந்து எரிந்ததும் கீழ்வீட்டுக்காரர், “லைட்டு அடிச்சுட்டான் சார். நான் போயி ஒலைய வைக்கிறேன். அவ மலையேறிட்டு வர்றா, அடுப்பாச்சும் நம்ம பத்தவைக்கணும்ல?” என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவார்.

நானும் அந்த வழக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். காலையில் ஊருக்குள் வாய்க்கால் கரையில் ஓட்டுவேன். வாரத்தில் ஓரிரு நாள் மதியத்துக்கு மேல் மலை உச்சியில் இருக்கிற மெட்டு வரை ஏறி, அந்தப் பக்கம் தோட்டங்களுக்கு நடுவே ஜீப் போகிற மண் தடங்களில் சுற்றிவிட்டு, இருட்டும் முன் இறங்குவேன். வெள்ளை வளைவில் நின்று, சைக்கிள் விளக்கை உள்ளங்கையால் மூடித் திறப்பேன். அவ்வளவு கீழே மாடியில் ஆள் தெரியாது. ஆனாலும் அவர் அங்கேதான் நிற்கிறார் என்று தெரியும்.

ஆனால் என் வீட்டுக்காரர் மட்டும் உலை வைக்கப் போனதே இல்லை. நான் கையைக் காட்டிய பிறகும், மலையை விட்டு இறங்கி, தோட்டங்களைக் கடந்து, தெருமுனை திரும்பி, மாடியை அண்ணாந்து பார்க்கும் வரை சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நிற்பார். கீழ்வீட்டுக்காரர்கூடக் கேலி செய்வார். “சார், அக்காதான் சொல்லிட்டாகள்ல? இன்னும் என்னத்தப் பாக்குறீக?” இவர் சிரித்து மழுப்புவார். ஆடி மாசத்துக் காற்று ஆளையே தள்ளிக்கொண்டு போகும்போதும் அப்படித்தான் நின்றார். மெலிந்துகொண்டே வந்தார். ஒரு வருடமும் முடியப் போகிறது. மதுரைக்குத்தான் போகப் போகிறோம் என்று மனசுக்குள் சைக்கிளுக்கு விடை கொடுக்க ஆரம்பித்துவிட்டேன்.

ஐப்பசியில் ஒருநாள் மெட்டுக்கு அந்தப்புறம் மண் தடத்தில் பின்சக்கரத்துக் கியர், சக்கரக் கம்பிகளுக்குள் சிக்கி முறிந்துபோனது. தள்ளிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு வருவதற்குள் மழை பிடித்தது. போனைப் பார்த்தால் துளி சிக்னல் இல்லை. டீக்கடையில் ஒதுங்கினேன். “சேச்சி, இனி இதுல எறங்க வேண்டா, வண்டி வரும்” என்றார் கடைக்காரர், பாதி மலையாளத்தில். மேகம் இறங்கி, பொழுதுக்கு முன்பே இருட்டிக்கொண்டு வந்தது. மாடியில் நனைந்துகொண்டு நிற்பாரே என்றுதான் எனக்குப் பதைத்தது.

நல்லவேளை, கம்பத்து ஜீப் வந்தது. உள்ளே கீழ்வீட்டுக்காரரின் மனைவியும் இருந்தார். “ஆத்தாடி, இந்தக்கா எங்கிட்டு இங்கன? ஏறுக்கா, ஏறு!” பெண்கள் நெருக்கி உட்கார்ந்து இடம் விட்டார்கள். சைக்கிளை மேலே போட்டுக் கயிறு கட்டினார்கள். அப்போதுதான் எனக்குச் சுரீரென்றது. ஜீப் இறங்குவது அவருக்குத் தெரியும், நான் இறங்குவது தெரியாதே! அவசரமாக மேலே ஏறி, சைக்கிளின் முன்விளக்கை விட்டு விட்டு எரியும்படி போட்டேன்.

டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார். “யக்கா, ஆம்புலன்சுன்னு நெனச்சு எதுக்க வர்றவன் எல்லாம் ஒதுங்குவாய்ங்க!”

“ஒதுங்கட்டும், ஒனக்கு நல்லதுதானப்பா. ஓட்டு.”

ஜீப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இறங்க இறங்க ஒரு நினைப்பு அரித்தது. ஜீப்பின் மேலே என் சைக்கிள் வருவதை அவர் பார்ப்பார். சைக்கிள் மட்டும்தானே தெரியும். அன்றைக்குப் பள்ளத்திலும் சைக்கிளைத்தானே பார்த்தார். அடிபட்டவளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வருகிறார்கள் என்றுதான் அவர் மனசு போகும். ஐயோ, விளக்கைப் போடாமலே வந்திருக்கலாமோ!

வெள்ளை வளைவு வந்தது. மேகம் அதற்கு மேலேயே நின்றுவிட்டது, கீழே ஊர் விளக்குகள் தெரிந்தன. டிரைவர் எப்போதும்போல் விளக்கை அணைத்துப் போட்டார். “தம்பி, நிறுத்துப்பா ஒரு நிமிசம்” என்று கத்தினேன். மழையில் குதித்து, பின்பக்க ஏணியில் ஏறி, சைக்கிளின் மேல் சாய்ந்து கையை நீட்டினேன். விட்டு விட்டு எரிந்ததை நிறுத்தி, விளக்கை நின்று எரியவைத்தேன். பிறகு உள்ளங்கையால் மூடினேன். திறந்தேன். மறுபடியும் மூடினேன், திறந்தேன்.

“என்னக்கா கூத்து இது, எறங்கு, நனையாத!” உள்ளேயிருந்து ஒரே சத்தம். கீழ்வீட்டுக்காரி மட்டும் எட்டிப் பார்த்து, “விடுங்கடி. வீட்டுக்காரருக்குச் சொல்றாக” என்றார்.

தெருமுனையில் ஜீப்பை விட்டு இறங்கியதும் முதல் வேலையாக மாடியை அண்ணாந்து பார்த்தேன். சுவரில் ஆள் இல்லை.

இத்தனை மாதத்தில் அந்தச் சுவர் அப்படிக் காலியாக இருந்து நான் பார்த்ததே கிடையாது. ஓடிப் போய் எங்காவது விழுந்துவிட்டாரா? நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாரா? மலைக்குக் கிளம்பிவிட்டாரா? சைக்கிளைப் பற்றி நினைப்பே இல்லை, ஜீப்பின் மேலேயே விட்டுவிட்டு ஓடினேன். நனைந்த செருப்பு படியில் வழுக்கியது. “என்னங்க, என்னங்க” என்று கத்திக்கொண்டே ஏறினேன். வாசலில் நின்று நின்று அவர் என்னத்தைப் பார்த்தாரோ, அதை முழுசாக அந்தப் படிகளில் நான் பார்த்தேன்.

கதவு திறந்திருந்தது. அடுப்படியில் விளக்கு எரிந்தது. உலை கொதிக்கிற சத்தம் கேட்டது. ஈர வேட்டியை மாற்றிக் கைலியோடு, அரிவாள்மணைக்கு முன்னால் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

“மாடியில ஏன் நிக்கல?” மூச்சு வாங்கியது எனக்கு. அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. “ஆளக் காணோம்னு நான் செத்தே போனேன்!”

நிமிர்ந்து பார்த்தார். “அதான் கைய வச்சு மூடித் தொறந்தியே. நல்லா இருக்கேன்னு சொல்லிட்ட. அப்புறம் எதுக்கு நிக்கணும்? ஒலை வைக்க வேண்டாமா?”

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உடம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக் கொண்டிருந்தது.

“கியரு ஒடஞ்சு போச்சு” என்றேன்.

“மாத்திக்கலாம். காலையில பாய் வந்தாரு, இன்னும் இருப்பீகளான்னு கேட்டாரு. யோசிச்சுச் சொல்றேன்னேன். இப்பத்தான் போன் பண்ணி, இருக்கோம்னு சொல்லிட்டேன்.”

முகத்தைத் துடைக்கத் துடைக்க வழிந்தது. அவர் நறுக்கிய வெங்காயத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து என் தலையில் போட்டார்.

“வெங்காயம் நறுக்குனது நானு. அழுகுறது நீயா?” என்றார்.