எதிர்க்கடைக்குப் போம்மா

அன்று காலை நான் முதலில் செய்த வேலை, கடை வாசலில் நிற்கும் பொம்மைக்குப் புது டாப்ஸ் மாட்டியது. கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் பெண்கள் காலையில் அதைப் பார்த்துவிட்டுப் போனால், ஷிப்ட் முடிந்து விலை கேட்க வருவார்கள். பொம்மையின் ஒரு கையை நுழைத்துவிட்டு மற்றதை இழுத்துக்கொண்டிருந்தபோது தேவகி சாலையைக் கடந்து வந்தாள். எதிரே இருக்கும் துணிக்கடையில் பல வருடங்களாக வேலை செய்பவள்.

"அக்கா பூட்டாங்கக்கா."

எந்த அக்கா என்று நான் கேட்கவில்லை.

"விடியக்காலைல நெஞ்சு வலிக்குதுன்னாங்களாம். திருப்பதி ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போற வழியிலயே..."

பொம்மையை அப்படியே விட்டுவிட்டு அவளுடன் நடந்தேன்.

எதிர்க்கடையை நடத்திய கோமளா அக்காவை வரதய்யபாளையம் கடைத்தெருவில் தெரியாதவர்கள் இல்லை. அவரைப் பற்றி எழுத நானா கிடைத்தேன் என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். நாங்கள் போட்டிக் கடைக்காரர்கள். என்னுடைய தகுதியே அதுதான். போட்டிக் கடைக்காரியைப் போல ஒருவரை நாள் முழுக்கக் கவனித்துப் பார்ப்பவர்கள் வேறு யார் இருக்கிறார்கள்?

ஊருக்கு வெளியே தொழிற்சாலைக் கம்பெனிகள் வந்த புதிது உங்களுக்கு நினைவிருக்கும். நிலம் கொடுத்தவர்கள் வீடு கட்டினார்கள், மாடியை ஹாஸ்டலாக்கினார்கள். ஸ்ரீகாகுளத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பெண்கள் வந்து இறங்கினார்கள். யார் எதைக் கேட்பார்களோ என்ற பயத்தில் நானும் அக்காவும் எல்லாவற்றையும் வாங்கி அடுக்கினோம். சுடிதார், புடவை, நைட்டி, பள்ளிச் சீருடை, ஆண்கள் சட்டை. எதிரெதிரே இரண்டு கடை, இரண்டிலும் ஒரே சரக்கு. அவர் விலையைக் குறைத்தால் நானும் குறைத்தேன். பொங்கல் முடிந்தும் இருவருடைய அலமாரியும் நிறைந்தே கிடந்தது.

ஒரு மத்தியானம் அக்கா சாலையைக் கடந்து வந்து, என் கடை ஸ்டூலை அவரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் திருப்பதியில் பி.காம். முடித்துவிட்டு இந்த ஊருக்கு மருமகளாக வந்தவள். அதனால் அவர் எனக்கு வைத்த பெயர் பீகாம்.

"இன்னா பீகாம், உன் கடைலயும் ஈதான் ஓட்டிக்கினு கீறியா?"

"உங்க கடைலேருந்து வர்ற ஈதான்கா" என்றேன்.

வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, இப்படியே போனால் இருவரும் கடையை மூட வேண்டியதுதான் என்றார். நான் சரக்கைப் பிரித்துக்கொள்ளலாம் என்றேன். புடவை அவருக்கு, சுடிதார் எனக்கு.

"துணியப் பிரிக்காதமே. ஆளுங்களப் பிரி. யாரு வராங்கன்னு தெரியாம இன்னாத்த வாங்கி வைப்ப?"

அப்படியே பிரித்தோம். ஹாஸ்டல் பெண்கள் எனக்கு. எனக்குக் கொஞ்சம் இந்தி வரும், ஷிப்ட் விட்டு அவர்கள் வரும்வரை கடையைத் திறந்து வைக்கவும் முடியும். கழனிக்கும் ஏரி வேலைக்கும் போகிற பெண்கள் அக்காவுக்கு. நம் பக்கத்தில் புடவைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் பெண்கள் வெயிலில் இறங்குகிறார்கள். அந்தச் சட்டையை வாங்க ஆண்கள் துணிக்கடைக்குள் நுழைய அந்தப் பெண்கள் கூச்சப்படுவார்கள். அக்கா கடைக்கு வந்து, உடம்போடு வைத்துப் பார்த்து, பேரம் பேசி, உட்கார்ந்து கதையும் பேசிவிட்டுப் போவார்கள்.

பிரித்த அன்றே சண்டையும் வந்தது. கம்பெனிக்குப் போகும் மகளும் கழனிக்குப் போகும் தாயும் சேர்ந்து வந்தால் யாருடைய ஆள்?

"சம்பளம் வாங்கறது பொண்ணு. காசு குடுக்கறவங்கதான் கஸ்டமர்" என்றேன்.

"காசு எவ குடுத்தா இன்னா? போட்டுக்கறது யாரு? பொண்ணு ஆசையா வாங்கிக் குடுப்பா. புடிக்கலன்னா அம்மாகாரி பொட்டியில போட்டு மூடிடுவா. அப்பறம் அந்தப் பொண்ணு உன் கடைப் பக்கம் தலை வச்சுப் படுப்பாளா?"

அதற்கு நான் படித்த படிப்பில் பதில் இருந்தது. ஆனால் அவருடைய பதிலே எனக்குப் பிடித்திருந்தது. துணியைப் போட்டுக்கொள்ளப் போவது மகளென்றால் என் கடை, தாயென்றால் அக்கா கடை என்று முடிவானது.

அதன் பிறகு கடைத்தெருவில் நாள் முழுக்கக் கேட்ட குரல் உங்களுக்கு மறந்திருக்காது. "எதிர்க்கடைக்குப் போம்மா, உன் வயசுக்கு அங்கதான் கீது." ஒருமுறை பக்கத்து வளையல் கடைக்காரர் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார். "இன்னா கோமளா, வர்ற லட்சுமியத் தொரத்தற?"

"லட்சுமி லெக்கின்ஸ் கேக்கறாளே நைனா, நான் இன்னா பண்றது?"

அக்கா கணக்குத் தப்பாதவர் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு வருடம் சென்னைக்குப் போய், கழனிப் பெண்களுக்கென்றே ரோஸ் நிறத்தில் பூப்போட்ட முழுக்கைச் சட்டைகளை மூட்டையாக வாங்கி வந்தார். எவ்வளவு நாள்தான் பாவம் ஆம்பிளைச் சட்டையையே போடுவார்கள் என்பது அவர் எண்ணம். விற்காது என்று நான் முன்பே சொன்னேன். கழனிச் சட்டை ஒருவருக்குச் சொந்தமானதல்ல, கொடியில் தொங்கும், காலையில் யார் முதலில் கிளம்புகிறாரோ அவர் எடுத்துப் போட்டுக்கொள்வார், பூப்போட்டிருந்தால் வீட்டு ஆண்கள் தொடமாட்டார்கள். அக்கா கேட்கவில்லை. "நீ படிச்சவ, உனுக்குக் கழனியப் பத்தி இன்னா தெரியும்" என்றார். வந்த பெண்கள் அதைத் தடவிப் பார்த்தார்கள். "நல்லாத்தான் கீது, திருநாளுக்குப் போட்டுக்கினு போலாம்" என்று கேலி செய்துவிட்டு, கட்டம் போட்ட சட்டையையே எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தார். பிறகு தேவகியின் தலையில் மூட்டையை ஏற்றி என் கடைக்குக் கொண்டுவந்து இறக்கினார். "பீகாம் வாக்கு பலிச்சிச்சு. இது என் ஆளுங்களுக்கு இல்ல, உன் ஆளுங்களுக்கு. ஜீன்ஸுக்கு மேல போட்டு அந்தப் பொம்மைய நிக்க வை." அந்த வாரமே ஹாஸ்டல் பெண்கள் சட்டைகளை அள்ளிக்கொண்டு போனார்கள். அக்கா தன் கடையிலிருந்தே கத்தினார்: "பாத்தியா, துணி மேல தப்பில்ல!"

கொரோனா வந்து ஹாஸ்டல்கள் காலியானபோது என் கடைக்கு ஒருவரும் இல்லை. பெண்கள் எல்லோரும் அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். கடைகளைத் திறக்கலாம் என்று ஆன பிறகும் பொம்மையைத் துடைத்து வைப்பதைத் தவிர எனக்கு வேலை இல்லை. கழனி வேலை நிற்கவில்லை, அக்கா கடை ஓடியது. கடையைக் காலி செய்துவிடலாம் என்று என் வீட்டுக்காரர் பேசத் தொடங்கியிருந்தார். அது எப்படியோ அக்கா காதுக்குப் போயிற்று. முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"உன் ஆளுங்க திரும்பி வர்ற வரைக்கும் சத்தியவேடு ரோட்டுப் பக்கத்து ஆளுங்க உன் ஆளுங்க. சட்டை நான் தரேன், வித்துட்டுக் குடு. அவங்ககிட்ட இந்தி பேசாத, ஓடிடுவாங்க."

அந்தப் பெண்களை அவரே நிறுத்தி என் கடைக்கு அனுப்பினார். சிலர் முறைத்துக்கொண்டே வந்தார்கள். ஹாஸ்டல்கள் மறுபடி நிறைந்தபோது அவர்களை நான் திருப்பி அனுப்பினேன். இதைப் பற்றி நாங்கள் அப்புறம் பேசிக்கொண்டதே இல்லை. நன்றி சொல்லப் போனபோது "போய் வேலையப் பாரு" என்றுவிட்டார்.

அக்காவின் கருமாதிக்குக் கழனியிலிருந்து நேராக வந்த பெண்கள் வாசலிலேயே நின்றார்கள். உள்ளே வரச் சொன்னால், "சேறா கீதுமா" என்றார்கள்.

பெங்களூரில் வேலை செய்யும் அவருடைய மகன் ஹரி அன்று என்னைத் தனியே அழைத்துக் கேட்டான். "ஆன்ட்டி, கடையை நீங்களே எடுத்துக்கோங்க. இல்லன்னா பில்டிங் ஓனர் செல்போன் கடைக்குக் குடுத்துடுவாரு. மாசக் கடைசிக்குள்ள சொல்லுங்க." என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "ரெண்டும் நம்மளது ஆயிட்டா, யாரையும் எங்கயும் அனுப்ப வேணாம். எல்லாருக்கும் எல்லாம் கீது" என்கிறார். தேவகி என்னிடம் கேட்டது வேறு. "நீங்க எடுத்துக்கினா நானும் உங்ககிட்டயே வந்துடவாக்கா? இல்லன்னா நானும் கழனிக்குத்தான் போவணும்."

சில நாட்களாக அந்தப் பூட்டிய கடையைப் பார்த்துக்கொண்டு இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு கடையும் என்னுடையதானால் நான் பழையபடி பயந்துபோய் எல்லாவற்றையும் வாங்கி அடுக்குவேன். என் கடையைப் போல அங்கேயும் கண்ணாடிக் கதவு வைப்பேன், கழனிப் பெண்கள் அதைத் தள்ளிக்கொண்டு வரத் தயங்குவார்கள். அவர்களிடம் எப்படிப் பேசுவது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தேவகிக்குத் தெரியும். அந்தப் பெண்களின் சட்டை அளவு மட்டுமல்ல, வீட்டுச் சண்டைகளும் அவளுக்குத் தெரியும்.

கோமளா அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான். இவர் என்னுடைய ஆள் இல்லை என்று ஒருவரை முகம் கோணாமல் வழியனுப்பத் தெரிவது. அதைச் செய்ய வேண்டுமென்றால் அனுப்புவதற்கு ஓர் இடம் இருக்க வேண்டும்.

ஹரிக்கு என்ன சொல்வதென்று இன்று காலை முடிவு செய்துவிட்டேன். கடை எனக்கு வேண்டாம், தேவகிக்குக் கொடு. ஓனரிடம் அவளுக்காக நான் பொறுப்பேற்கிறேன். என்னிடம் வேலை பார்க்கிறவளாக இல்லை, எனக்குப் போட்டியாக அவள் அங்கே உட்காரட்டும். இதை இன்னும் என் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. தேவகியிடமும் சொல்லவில்லை.